அரை அங்குலக் குழாயும் மூன்று புறக்கோட்டைப் பயணமும்

வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தால் அதைத் தானே திருத்தப் புறப்படும் ஒருவர் புறக்கோட்டைக்கு எத்தனை தடவை போய்வர வேண்டும் என்ற வினாவை ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரிய குழாய்களுக்குக் கேட்பாரும் மேய்ப்பாரும் உண்டு. லபுகம நீர்த்தேக்கம் 1886 இல் முடிந்தது, அம்பத்தலையில் களனி ஆற்று நீர் சுத்திகரிக்கப்படுகிறது, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975 இல் அமைந்தது என்று வரலாறு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரலாறு மீற்றர் பெட்டியோடு நின்றுவிடுகிறது. மீற்றரைத் தாண்டிய தண்ணீர் பொறியியலாளரின் பொறுப்பிலிருந்து கழன்று, ஞாயிற்றுக்கிழமை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரரின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இவ்வளவுதான்: உடைப்பு எவ்வளவு சிறிதானாலும் பயணம் மூன்றுக்குக் குறையாது. இரண்டில் முடித்தேன் என்பவர் ஒன்றை மனைவியிடம் சொல்லவில்லை என்று கொள்க.

களத்தை முதலில் வரையறுப்போம். கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் புறக்கோட்டை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’ நம்முடைய பேட்டைதான். செட்டியார் தெருவில் தங்கம், கேபோஸ் லேனில் மருந்துச் சரக்கு என்று தெருவுக்கொரு பொருளாகப் பிரிந்து கிடக்கும் இந்த ஊரில், குழாய்க்காரருக்கு விதிக்கப்பட்டவை பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும். தபால் கணக்கில் அவை புறக்கோட்டைக்கு வெளியே, கொழும்பு 12. வெள்ளவத்தையிலிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறவருக்கு எல்லாம் புறக்கோட்டைதான். அங்கே பேசப்படும் மொழி தனி. பீவீசீ குழாய் எந்தக் கம்பனியுடையதானாலும் ‘எஸ்லோன் பைப்’. வெளிமரை உள்ள இணைப்பு ‘வால்வ் சொக்கட்’, உள்மரை உள்ளது ‘ஃபோசட் சொக்கட்’. இந்த இரண்டு பெயர்களையும் மாற்றிச் சொல்லாமல் ஒரு முழு உரையாடலை முடித்த வாடிக்கையாளர் அரிது. இனி ‘அரை அங்குலம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஆகவே அரை அங்குலம் 12.7. அரை அங்குல எஸ்லோன் பைப்பின் வெளிவிட்டம் 20 மில்லிமீற்றர். பழைய கொட்டாஞ்சேனை வீடுகளில் இன்னும் துருப்பிடித்து நிற்கும் அரை அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 21 மில்லிமீற்றரைத் தாண்டும். இரண்டுக்கும் உள்விட்டமும் 12.7 ஐவிடப் பெரிது. அரை அங்குலம் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒரு பொருளில் அரை அங்குலம் எங்கேயுமே இல்லை. அடிமட்டத்தோடு கடைக்குப் போகிறவர் முதல் அடியிலேயே தோற்பது இதனால்தான். ஆளைப் பழி சொல்லிப் பயனில்லை.

அடுத்தது தேற்றத்தின் நிரூபணம். சுவரோடு கிளிப் அடித்து, இரு முனையும் எல்போவுக்குள் ஒட்டப்பட்ட ஒரு குழாயில் இரண்டு அங்குலத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கீறிய பகுதியை ஹெக்சோ பிளேட்டால் அறுத்தெடுக்கிறார். புதுத் துண்டு ஒன்று, சொக்கட் இரண்டு: கணக்குச் சரி என்று முதற்பயணம் நிறைவேறுகிறது. இடது சொக்கட் ஏறுகிறது. புதுத் துண்டும் அதற்குள் ஏறுகிறது. வலது சொக்கட்டில்தான் வினை. அதற்குள் புதுத் துண்டு ஒரு பக்கத்தால் ஓர் அங்குல அளவு போக வேண்டும், பழைய குழாயும் மறுபக்கத்தால் அதே அளவு வர வேண்டும். சுவரில் இருக்கிற குழாய் யாருக்காகவும் அசையாது. துண்டைக் குட்டையாக வெட்டினால் எட்டாது, நீளமாக வெட்டினால் நுழையாது. சொக்கட்டை முழுக்கப் பழைய குழாய்மேல் தள்ளிவைத்துப் பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்றால், அதன் உள்வயிற்றில் நடுவே ஓடும் மெல்லிய வரம்பு தடுக்கிறது. (அந்த வரம்பை அரத்தால் தேய்த்து எடுக்கும் வித்தை தெரிந்தவர்கள் உண்டு, அவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிம்மதியாக வாழ்கிறார்கள்.) நடுவில் நட்டைக் கழற்றி இரண்டாகப் பிரிக்கக்கூடிய ‘யூனியன்’ என்றொன்று உலகத்தில் இருப்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவருகிறது. அது இரண்டாம் பயணம். மூன்றாவது, கம்முக்காக. வீட்டில் ஒரு டின் கம் இருக்கத்தான் செய்கிறது. தூக்கிப் பார்த்தால் பாரமும் இருக்கிறது. திறந்தால் உள்ளே பனங்கட்டி போல ஒரு கட்டி. பீவீசீ கம் பசையைப் போல ஒட்டுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றோடொன்று உருக வைக்கிறது. மூடி சரியாக இறுகாத டின்னிலிருந்து முதலில் பறந்துபோவதும் அந்தக் கரைப்பானே. மிஞ்சிய பாரம் வெறும் நினைவுச்சின்னம்.

மறுப்புகள் உண்டு. உடைந்த துண்டையே கையோடு கொண்டுபோனால் என்ன என்பது அவற்றுள் வலுவானது. கொண்டுபோகலாம். அதற்கு முதலில் மெயின் வால்வைப் பூட்ட வேண்டும். பல வருடம் யாரும் தொடாத வால்வு பூட்ட மறுக்கும், மறுக்காவிட்டால் திறக்க மறுக்கும். அதோடு, உடைந்த துண்டு எது உடைந்தது என்பதை மட்டுமே காட்டும். அதைச் சுவரோடு சேர்க்க என்ன வேண்டும் என்று காட்டாது. கடைக்காரர் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, “மற்றப் பக்கம் உள்மரையா, வெளிமரையா?” என்று கேட்பார். மற்றப் பக்கம் வீட்டில் இருக்கிறது. வெள்ளவத்தையிலேயே கடை இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. காலி வீதிக் கடையில் சொக்கட்டுக்கு நாலு காசு கூட என்ற நம்பிக்கையே மனிதரைப் புறக்கோட்டைக்கு அனுப்புகிறது. பஸ் காசு அந்த லாபத்தை விழுங்கிவிடும் என்பதை அவரும் அறிவார், ஆனால் பஸ் காசைக் குழாய்க் கணக்கில் எழுதும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. குழாய் வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். எசமானைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லே கொழும்பில் ‘பாஸ்’ ஆனது, அந்த அர்த்தம் இன்னும் தேயவில்லை. பாஸ் வந்து, குழாயைப் பார்த்து, பழைய வேலையைச் செய்தவர் யார் என்று விசாரித்து, சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போவது வீட்டுக்காரர்தான். பயணம் குறையவில்லை, கூலி கூடியது. நாட்காட்டியையும் சேர்க்க வேண்டும்: வேலைக்குப் போகிறவருக்கு ஓய்வு ஞாயிறும் போயாவும், கடைக்காரருக்கும் அதே. பூட்டிய கதவு வரை போய்த் திரும்பியதைப் பயணமாகக் கொள்ளலாமா என்பது சர்ச்சைக்குரியது. இக்கட்டுரை பெருந்தன்மையோடு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் வெப்ப நாட்டுச் சோம்பல், குளிர்நாட்டில் தேற்றம் செல்லாது என்று கனடாவிலிருந்து மறுப்பு வரக்கூடும். நம் நாட்டில் உறைபனி என்றால் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் படிவது. குழாயை வெடிக்க வைக்குமுன் வெயில் வந்துவிடும். ஒன்ராறியோவில் கோடைக்குக் காட்டுப்பக்கம் இழுத்துப்போகும் கேம்பர் வண்டிகள் மாரி முழுக்க வாசலில் உறைந்து கிடக்கும். அவற்றின் குழாய்களில் மிஞ்சிய தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பெருக்கிறது. ஆனால் கட்டி நிற்கும் இடத்திலேயே குழாய் வெடிக்க வேண்டும் என்றில்லை. கட்டிக்கும் பூட்டிய வால்வுக்கும் நடுவே சிறைப்பட்ட தண்ணீரில் அமுக்கம் ஏறி, அங்கே எது பலவீனமோ அது பிளக்கும். அதைத் தடுக்க மாரிக்குமுன் குழாயை வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரை ஏற்றுவார்கள். மறந்தவருக்குத்தான் வசந்தத்தில் வேலை. அந்த வண்டிகளில் உள்ள ‘பெக்ஸ்’ என்ற பிளாஸ்டிக் குழாய் வளையும். இணைப்புகள் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். கம் வேண்டாம், யூனியன் வேண்டாம். தேற்றம் உடைந்ததா? அதுதான் இல்லை. பெக்ஸ் குழாய் பனிக்கு ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கிறது. பிளப்பவை பிளாஸ்டிக் எல்போ, பம்பின் தலை, வடிகட்டிக் கிண்ணம், கழிவறை வால்வு. அவை அலுமாரிக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் ஒளிந்திருக்கின்றன. பெரிய உடைப்பு ஒன்று இருக்கும்வரை அமுக்கம் ஏறாது, ஆகவே சின்ன உடைப்புகள் வாயே திறக்காது. முதலாவதை அடைத்துப் பம்பைப் போட்டால் இரண்டாவது பீறும். அதையும் அடைத்தால் மூன்றாவது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைப் பயணம். எண்ணிக்கை ஒன்றே, கொழும்பில் காரணம் அளவு, ஒன்ராறியோவில் அமுக்கம்.

மிச்சப் பொருட்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதாமல் விட முடியாது. முதற்பயணத்தில் வாங்கிய சொக்கட், பெயர் மாறி வந்த ஃபோசட் சொக்கட், பாதி சுற்றிய திரெட் டேப், ஏனென்று தெரியாத ஓர் எண்ட் கெப் ஆகியவை பழைய பிஸ்கட் டின்னொன்றில் சேர்ந்து படிக்கட்டுக்குக் கீழே போகின்றன. அடுத்த தடவை கடைக்கே போகத் தேவையிராது என்ற உறுதியோடு மூடி அழுத்தி மூடப்படுகிறது. டின்னுக்குள் இருப்பதெல்லாம் அரை அங்குலம். மாடித் தாங்கியிலிருந்து இறங்கும் குழாய் முக்கால் அங்குலம். வெயில் குடித்துக் குடித்து அது ஏற்கனவே வெளிறிப்போயிருக்கிறது.