பதினெட்டாம் மீட்டர் சாமி

அவரைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், யாரிடமோ சொல்வதுபோல, "கடலுக்குள்ள ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கிட்டுப் போறாங்களாமே" என்று சொல்லிப் பாருங்கள். பத்து நொடிக்குள் ஒரு தலை திரும்பும். "அது ஆக்சிஜன் இல்லை சார். நீங்களும் நானும் இப்ப இழுக்கிற அதே காத்துதான். 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன்" என்று ஆரம்பிக்கும். அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு உங்களுக்கு விடுதலை கிடையாது.

இவர் ஸ்கூபா படித்தவர். பிறவியிலேயே இப்படி இல்லை. போன மாசி வரை துரைப்பாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, மாலையானால் பகோடா சாப்பிட்டுக்கொண்டு, சாதுவாகத்தான் இருந்தார். எனக்குத் தெரிந்து அப்படி நாலு பேர். நாலில் ஒருவர் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. வயதில் சின்னவர்தான். ஆனாலும் சாமியாகிவிட்டதால் மரியாதை கொடுத்தே எழுதுகிறேன்.

சாமி என்று சும்மா சொல்லவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அங்கே இருமுடி, இங்கே 60 லிட்டர் முதுகுப்பை. அங்கே குருசாமி, இங்கே இன்ஸ்ட்ரக்டர். முதல் தடவை போகிறவர் இரண்டு இடத்திலும் கன்னிச்சாமி. அங்கே பதினெட்டுப் படி ஏற வேண்டும். இங்கே பதினெட்டு மீட்டர் இறங்க வேண்டும். முதல் கட்டப் பயிற்சியான 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் அனுமதிக்கிற ஆழம் அதுதான். ஒன்றே ஒன்றில்தான் மாறுபாடு. மலைக்குப் போனவர் திரும்பி வந்ததும் மாலையைக் கழற்றிவிடுவார்.

முதுகுப்பையை அவர் கட்டியதை நான் கூட இருந்து பார்த்தேன். நெற்றியில் மாட்டும் டார்ச், மலையேறுகிறவர்கள் தொங்குவதற்கு வைத்திருக்கும் கொக்கிகள், மடக்கி வைக்கும் வாணலி, மழைக்கு ஒரு அங்கி, அந்த அங்கி நனையாமல் இருக்க ஓர் உறை. அடியில் மாமியார் ரகசியமாகச் செருகியது: பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும். பயணம் முழுக்கப் பயன்பட்டவை அடியில் இருந்த இரண்டும்தான்.

போன இடம் அந்தமான். "கப்பல்ல போனாத்தான் அத்தான் பயணம்" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் என்று தெரிந்ததும் இரண்டேகால் மணி நேர விமானத்தில் போனார். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் 2018-லேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. சாமிக்கு இன்னும் ஹேவ்லாக்தான். அங்கே கடற்கரைகளுக்கு எண்களை வைத்தே பெயர் சொல்வார்கள். "நாங்க அஞ்சாம் நம்பர்ல தங்கினோம், சாயங்காலம் ஏழாம் நம்பர் போவோம்" என்று அவர் சொல்லும்போது எனக்கு ஏதோ மாநகரப் பேருந்து போலவே கேட்கும்.

அவர் ஊரைவிட்டுக் கிளம்பியதற்குக் காரணமே 'தன்னைத் தேடுவது'. சொந்தக்காரன், தெரிந்தவன், 'எப்போ கல்யாணம்' என்று கேட்பவன் யாரும் இல்லாத இடம் வேண்டுமாம். படகுத்துறைக்கு வெளியே டீக்கடையில் ஆங்கிலத்தில் ஒரு பிளாக் டீ கேட்டிருக்கிறார். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "தம்பி எந்த ஊரு?" என்றாராம். அவருடைய தாத்தா பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டாவது டீ முடிவதற்குள் "கல்யாணம் ஆயிருச்சா?" வரைக்கும் வந்துவிட்டார்.

சிக்கனத்தைச் சொல்ல வேண்டும். ஃபேன் மட்டும் ஓடும் மூங்கில் குடிசையில்தான் தங்கினார். இளநீருக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் வெயிலில் நின்றார். ஆனால் நாலு நாள் மூழ்கும் பயிற்சிக்குக் கேட்ட தொகையை வாய் திறக்காமல் கட்டினார். காற்று அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச முடியுமா?

பயிற்சியின் முதல் நாளே மீசை போயிற்று. முகத்தில் மாட்டும் மாஸ்க், தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. மீசை இருந்தால் அதன் வழியாகக் கசியும். பலபேர் வாஸ்லைன் தடவிச் சமாளிப்பார்கள். நம் சாமி ஒரே வீச்சாக எடுத்துவிட்டார். (அந்த மாஸ்க்கைக் 'கண்ணாடி' என்று சொல்லிவிடாதீர்கள். காலில் போடுவதை 'ஃப்ளிப்பர்' என்றும் சொல்லக் கூடாது, அது 'ஃபின்'. நான் இரண்டையும் சொல்லித் திட்டு வாங்கியவன்.) மாஸ்க் உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க அதில் எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும். கண்ட இடத்தில் துப்பாதே என்று இருபது வருடம் அடித்து வளர்த்த பிள்ளை, துப்பக் கற்றுக்கொள்ளப் பணம் கட்டியிருக்கிறது என்று மாமியார் வருத்தப்பட்டார்.

அடுத்தது ரப்பர் உடுப்பு. ஜிப் முதுகுப் பக்கம் வர வேண்டும். சாமி முதலில் அதை முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றதாகக் கேள்வி. அதன்மேல் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட். கொழுப்பு மிதக்கும் சரக்கு என்பதால் தொப்பைக்குத் தக்கபடி ஈயம் கூடும். பகோடாவின் எடையை அன்றைக்குத்தான் ஈயத்தில் நிறுத்துப் பார்த்தார்.

பாடத்தின் முதல் விதி, மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். யோகா வகுப்பில் மூச்சை அடக்கக் காசு கொடுத்தவர், இங்கே அடக்காமல் இருக்கக் காசு கொடுத்தார்.

அதைவிடக் கஷ்டமான விதி பேசாமல் இருப்பது. வாயில் ரெகுலேட்டர் இருப்பதால் எல்லாம் சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் 'நலம்'. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஆட்டினால் 'ஏதோ கோளாறு'. கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகலாம்'. இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் எல்லாரும் விழுவார்கள். சாமி முதன்முதலாகக் கோமாளி மீனைப் பார்த்து, மனம் நிறைந்து, 'சூப்பர்' என்று கட்டைவிரலைத் தூக்கினார். குருசாமி உடனே அவரைப் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? உடனுக்குடன் படம் வந்துகொண்டே இருந்ததே. 2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கேபிள் போட்டார்கள். அதற்கு முன்னால் அந்தமான் போனவர்கள் திரும்பி வந்துதான் கதை சொல்வார்கள். அந்த ஒரு வாரமாவது நாம் நிம்மதியாக இருந்தோம்.

ஒரு படத்தால் வீட்டில் கலவரமே வந்தது. கிளம்பும்போது மாமியார் கோயிலில் மந்திரித்து அவர் கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். ஆழத்தில் எடுத்த படத்தில் அது கருப்பாக இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பெல்லாம் சாம்பலாகவோ கருப்பாகவோதான் தெரியும். இதை மாமியாரிடம் யார் விளக்குவது? அன்றிரவே பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டார். பிள்ளை கரையேறிக் கையைக் காட்டி வீடியோவில் பேசிய பிறகும், "நிறம் திரும்பிடுச்சு பாரு, பிள்ளையார்தான்" என்றார். விஞ்ஞானம் தோற்ற இடம் அது.

ஊர் திரும்பிய சாமியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் விழுங்கிய பேச்சையெல்லாம் வட்டியோடு வெளியே எடுத்தார். மீன்கள் நாளுக்கு நாள் வளர்ந்தன. ஒருநாள் பிடித்துக் கேட்டுவிட்டேன். "தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெரிசாத் தெரியும் அத்தான், கால் பங்கு கிட்டத்துல தெரியும். ஒளிவிலகல்" என்றார். உலகத்தில் பொய் சொல்வதற்குப் பௌதிகத்தின் ஆதரவு பெற்றவர்கள் இவர்கள் மட்டும்தான். டைட்டன் ட்ரிகர் என்று ஒரு மீன் தன்னைத் துரத்தியதையும் சொன்னார். முட்டையிட்ட இடத்துக்கு நேர் மேலே நீர்மட்டம் வரைக்கும் கூம்புபோல அதன் எல்லையாம். மேலே ஓடினால் துரத்தும், பக்கவாட்டில் ஓட வேண்டும். மொட்டை மாடியும் அதற்கு மேலே வானமும் தனக்கே சொந்தம் என்கிற சென்னை வீட்டுக்காரர்களோடு குடியிருந்தவன் நான். எனக்கு அது புதிய செய்தி இல்லை. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கும், பெண் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும் என்பதைப் பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்தில், பெரியப்பாவிடமே விளக்கினார்.

அலுவலகத்துக்கும் டைவ் கம்ப்யூட்டரைத்தான் கட்டிக்கொண்டு போகிறார். மூங்கில் குடிசையில் மிச்சம் பிடித்த பணம் முழுக்க அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. ஆழம் காட்டும், மூழ்கிய நேரம் காட்டும். துரைப்பாக்கத்தில் அது வருடத்தில் பத்து மாதம் பூஜ்யம் காட்டும்; ஐப்பசி கார்த்திகையில் வேளச்சேரி வழியாகப் போனால்தான் அதற்கு வேலை. விடுமுறையைக்கூட இந்தக் கல்வியால் நீட்டினார். தொடர்ந்து மூழ்கியவர் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகிவிடும். மேலாளருக்கு அப்படியே எழுதியிருக்கிறார். 'பாட்டி இறந்துவிட்டார்' என்பதையே கேட்டுக் கேட்டு அலுத்த மேலாளர், நைட்ரஜனுக்கு மரியாதை கொடுத்து ஒரு நாள் தந்தாராம்.

அவரை மடக்கியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் மகள் வீட்டோடு இருக்கும் தூத்துக்குடிப் பெரியவர். இளவயதில் சங்கு குளித்தவர். அங்கே முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பது நிற்கவில்லை. சாமி அவர் யாரென்று தெரியாமல் போய் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"எவ்வளவு ஆழம் தம்பி?"

"பதினெட்டு மீட்டர்."

பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "பத்துப் பாகம். சரி, கயிறு யாரு புடிச்சா?"

"கயிறெல்லாம் கிடையாது தாத்தா. பட்டிதான்."

"ஆட்டுப்பட்டியா?"

"இல்ல, கூடவே துணைக்கு ஒருத்தர் வருவார். நம்ம காத்து தீர்ந்தா அவரோட காத்தைக் குடுப்பார்."

"சொந்தக்காரவுகளா?"

"முந்தாநாள்தான் பழக்கம். நெதர்லாந்துக்காரர்."

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நாங்க மச்சான் கையிலதான் கயிறக் குடுப்போம். கூடப்பொறந்தவ தாலி கயித்துல இருக்குன்னு அவனுக்கு ஒரு பயம் இருக்கும்லா" என்றார்.

பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சாமி அதை அக்காவிடம் போய்ச் சொல்ல, அவள் என்னைப் பார்த்தாள். கணக்குப்படி மச்சினன் கயிறு பிடிக்க வேண்டும். இறங்க வேண்டியது அக்காள் புருஷன். "தம்பிதான் கூட இருக்கானே, ஒரு தடவை போய்ட்டுத்தான் வாங்களேன்" என்று அனுப்பிவைத்தாள். எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். அது அன்பா, காப்பீட்டுத் தொகையா என்று இன்னும் முடிவு தெரியவில்லை.

சான்றிதழ் இல்லாத என்னைப் போன்றவர்களைப் பன்னிரண்டு மீட்டருக்குமேல் இறக்க மாட்டார்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல, பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போவார்கள். படகோட்டி கரேன் இனத்துப் பையன். 1925 வாக்கில் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழி வந்தவன். நாங்கள் அரைமணி நேரமாக வார்களை மாட்டிக்கொண்டிருக்க, பாறையில் சிக்கிய நங்கூரத்தை அவன் அரைக்கால் சட்டையோடு ஒரே மூச்சில் இறங்கி விடுவித்துவிட்டு வந்து பீடி பற்றவைத்தான். சாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், சரியாயிற்று. கிளிமீன் ஒன்று பவளப்பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ முறுக்கு தின்கிற மாதிரி அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சாமி கைகளைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், எதையும் திருத்தாமல், அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தார். குமிழிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவரைத் தெரிந்த பதினோரு வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து பார்த்ததில்லை. அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம் என்றுதான் தோன்றியது.

படகில் ஏறி ரெகுலேட்டரை எடுத்த கணமே, "அத்தான், உங்க காலை நீங்க ஃபின்னோட சைக்கிள் மிதிக்கிற மாதிரி..." என்று தொடங்கிவிட்டார்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்கு. வாய் நிறைய சாம்பார் சாதம். பரிமாறுகிறவர் குனிந்து, "எல்லாம் வந்துச்சா சார்?" என்றார். சாமி பழக்கதோஷத்தில் விரலால் வட்டம் காட்டினார். 'நலம்.' பரிமாறுகிறவர், "வடைதானே, இந்தாங்க" என்று ஒன்றை வைத்தார். சாமி பதறிப்போய் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஆட்டினார். 'ஏதோ கோளாறு.' "சின்னதா இருக்கா? இன்னொண்ணு வச்சுக்கோங்க" என்று இன்னொன்று விழுந்தது. இனி மேலே போய்விடுவதுதான் வழி என்று நினைத்தாரோ என்னவோ, கட்டைவிரலைத் தூக்கிவிட்டார். "சூப்பரா இருக்குல்ல சார்? நம்ம மாஸ்டர் கைப்பக்குவம்" என்று பரிமாறுகிறவர் பூரித்துப்போய் மூன்றாவதையும் வைத்துவிட்டு நகர்ந்தார்.

வாயில் சாதத்தோடு சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். துணைக்கு வந்தவனுக்குக் கடமை உண்டு. எச்சில் படாத வடை ஒன்றை என் இலைக்கு மாற்றிக்கொண்டேன்.