கேளுங்கள், சொல்கிறோம்: மலைநாட்டு ஊர்கள்

கேள்வி: ஹட்டன் சின்ன ஊர்தானே? அங்கே எப்படிப் பொழுது போகும்?

பதில்: தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கடைத்தெருவில் கால் வைக்க இடம் கிடைத்தால் சொல்லுங்கள். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் அன்றைக்கு இங்கேதான். 1884இலேயே ரயில் வந்த ஊர் ஐயா!

கேள்வி: நுவரெலியா என்றால் ஒளிநகரமாமே? நான் போனபோது ஒரே பனிமூட்டம்!

பதில்: ஊர் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. நீங்கள் பார்த்தது மேகத்தின் உள்பக்கம்.

கேள்வி: சங்கீதக்காரர்களுக்கு லயம் என்றால் தாளத்தின் வேகம். உங்களுக்கு?

பதில்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துக் காம்பராக்கள். ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும். இந்த ஒட்டுதல் எந்தப் பெரிய நகரத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பல தோட்டங்களில் வீட்டுக்கென்று இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் போகிறது. மலைநாட்டுத் தமிழரிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை, மிச்சமிருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து சேர்ந்தது. தபால்காரர்தான் இன்னும் வாசலுக்கு வரவில்லை.