நாலு காம்பரா, ஒரே பாட்டு

கேள்வி: வீட்டின் நாலு அறையிலும் ஒரே பாட்டு, தரம் குறையாமல் கேட்க வேண்டும். எந்த நெட்வொர்க் ஸ்ட்ரீமர் வாங்கலாம்? (வாசகர், லுணுகலை)

பதில்: தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் இலங்கை வானொலி பாடினால் வரிசையே கேட்டதே, அந்த ஸ்ட்ரீமரின் பெயர் தெரியுமா? பக்கத்து வீடு!

சீடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புக்கு அதிலும் குறைவு. தரம் இன்று சுலபம், நாலும் ஒத்து ஒலிப்பதுதான் கஷ்டம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஓர் அறை நொடியில் பத்திலொரு பங்கு பிந்தினாலே, 34 மீட்டர் தள்ளி இன்னொருவர் பாடுவதுபோல் கேட்கும். ஆகவே நாலு அறைக்கும் ஒன்றாக இணைந்து ஓடும் ஒரே வகைக் கருவிகளையே வாங்குங்கள். சுவர் தடித்த கருங்கல்லா? வைஃபையை நம்பாமல் கேபிள் இழுத்துவிடுங்கள்.