ஆட்டுக்காரர் கை காட்டினால்

கேள்வி: திருச்சுழி ரோட்டில் ஆட்டுக்கிடை குறுக்கே வந்தால் யார் யாருக்கு வழிவிட வேண்டும்? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: நீங்கள்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆடுமாடு மிரண்டு கைமீறிவிடும் என்று அஞ்சி, ஓட்டிவருபவர் நிறுத்தச் சொன்னால் வண்டி நின்றாக வேண்டும். காக்கிச் சட்டை போடாமலே, ஆடு மேய்க்கும் கீதாரியின் கைக்கு அந்த அதிகாரம் உண்டு!

1879-இல் இதே திருச்சுழியில் பிறந்த ரமணர், 'நான் யார்?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நாம் 'நான் யார் தெரியுமா?' என்று எதிரே வருபவரைக் கேட்கிறோம். கூடியது ஒரே ஒரு சொல். ஹார்ன் சத்தம் முழுக்க அந்தச் சொல்தான்.

போன சித்திரையில் நானும் அந்தத் திருச்சுழி ரோட்டில் நின்றேன். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவில் புழுதி. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டியைக் கீதாரி கக்கத்தில் இடுக்கியிருந்தார். அது கத்தும்போதெல்லாம் தாய் ஆடு என் பம்பரை ஒட்டி நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தது. இன்ஜினை அணைத்துவிட்டேன். குட்டியின் குரல் இன்னும் நன்றாகக் கேட்டது.