அடைப்புக்காரர்

காஞ்சிபுரத்தில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஐப்பசி அடைமழையில் டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்பெட் சொதசொதவென்று இருந்தால் மற்றவர்கள் பட்டறைக்குப் போவார்கள். இவர் ஹார்டுவேர் கடைக்குப் போவார். ஒரு சிலிகான் டியூப், ஒரு எம்-சீல், வீட்டிலிருந்து ஒரு கிழிந்த பனியன். கண்ணாடி ஓரம், கதவு ஓரம், டிக்கி ஓரம் என்று கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் பூசி மெழுகுவார். அடுத்த மழைக்குத் தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாக நிற்கும். "இன்னும் எங்கியோ ஒரு ஓட்டை இருக்குது சார்" என்று அடுத்த டியூபுக்குக் கிளம்புவார். இவருக்கு அடைப்புக்காரர் என்று பெயர் வைக்கலாம். ஓட்டை இருப்பதால் அல்ல, ஓட்டை போதாமல்தான் இவருடைய கார் நனைகிறது என்பது என் கட்சி.

கதவைப் பாருங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் இருக்கும் ரப்பர் பட்டை மழையை முழுக்கத் தடுப்பதில்லை. தடுக்கும் என்று காரைச் செய்தவர்களும் நம்பவில்லை. உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடித்தகட்டிலுள்ள சின்னத் துளைகள் வழியாகத் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்பதே ஏற்பாடு. பல வருடத் தூசியும் சேறும் அந்தத் துளைகளில் பாதியை அடைக்கின்றன. மீதியை, துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், நம்மவர் அடைக்கிறார். பிறகு கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம். கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான்." கண்ணாடி வைண்டரைப் பழுது பார்த்தவர் டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தால் போதும், தேங்கிய தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்கு வந்துவிடும். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே சருகு மண்டி, அங்குள்ள வடிகாலும் அடைபடும்.

இத்தனைக்கும் இவர் கோயில் ஊர்க்காரர். கருவறையில் குடம் குடமாக அபிஷேகம் ஆகிறது; அவ்வளவும் கோமுகி வழியாக வெளியே வந்துவிடுகிறது. பிரகாரம் சுற்றும்போது அதைக் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்பவர்தான் இவர். அந்தக் கோமுகியை யாராவது எம்-சீல் வைத்து அடைத்தால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவார். இதே ஊர் ஏகாம்பரநாதர் மணல் லிங்கம், அதனால் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது. உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடருக்கு அந்தச் சலுகை இல்லை.

"ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதே, அது பொய்யா?" என்று கேட்பார். பொய்யில்லை. முன்கண்ணாடி ரப்பர் வெயிலில் இறுகித்தான் போகும். ஆனால் அதை மாற்ற வேண்டும்; மேலே பூசினால் அடியில் மாட்டிய ஈரம் தகட்டைத் தின்னும். தவிர, தண்ணீர் நுழைந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. மேல் லைனிங்குக்குள் ஓடி வேறெங்கோ இறங்கும். கார்பெட்டை எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து, பழைய பேப்பரை விரித்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோனால் எந்த மட்டத்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். அடைப்புக்காரர் எடுத்த எடுப்பில் கூரைமேல் பீய்ச்சுவார். எல்லா இடமும் நனையும், எல்லா இடமும் குற்றவாளி. நிற்கும்போது நனைகிறதா, ஓடும்போதா என்ற கேள்வியே அவருக்குத் தோன்றாது. ஈரச் சாலையில் ஓடும்போது மட்டும் நனைந்தால் தரைத்தகட்டில் துரு ஓட்டை இருக்கலாம். மழையே இல்லாத நாளிலும் நனைந்தால், ஏசி பொருத்திய வண்டியில், அதன் வடிகுழாயைப் பார்க்க வேண்டும். டிக்கியில் பட்டுப்புடவைக் கட்டு ஏற்றுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. பட்டில் தண்ணீர்க் கறை லேசில் போகாது; அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி, ஈரம் பட்டால் கறுக்கும்.

புது கார் வாங்கினால் தீராதா? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறார்கள், கூப்பிடு தூரம்தான். தீராது. சன்ரூஃப் வைத்த புது காரின் கூரை மூலைகளிலும் வடிகுழாய்கள் உண்டு, அவையும் அடைத்துக்கொள்ளும், நம்மவர் அங்கேயும் டியூபோடு வந்து நிற்பார்.

ஆகவே மழைக்கு முன்பே கதவடித் துளைகளைக் குத்திவிடுங்கள். மெல்லிய கம்பியாக எடுத்து மெதுவாகக் குத்துங்கள். தகடு துருவேறியிருந்தால் ஒரு துளை மூன்றாகும், பிறகு டிங்கரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.