மழைக்குத் தொட்டி உண்டு

சிங்கப்பூரில் மழைத்தண்ணீராகப் பிறந்தால் கவலையே இல்லை. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சரக்கு நனைந்தது, நாடே பதறியது. விளைவு, பூமலைப் பக்கம் தரைக்கடியில் 38,000 கனமீட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. 15 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் அதற்குள் அடங்கும். வெள்ளத்தைத் திருப்பிவிடும் கால்வாயையும் சேர்த்து 227 மில்லியன் வெள்ளி. 2018இல் எல்லாம் தயார். குறை சொல்லவில்லை, அருமையான தொட்டி. அதே மழையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தயார் என்று கேட்டால்தான் எல்லாரும் செருமுகிறார்கள்.

கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில், பள்ளி நடக்கும் வாரத்துக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 7 வேளைச் சாப்பாடு, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 10. வாரத்துக்கு 21 வேளை பசிக்குமே என்ற கணக்கை இப்போதைக்கு விடுங்கள். நவம்பரில் மூடும் பள்ளி ஜனவரியில்தான் திறக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பதும் இடைப்பட்ட டிசம்பரில்தான். மேகம் திரளும்போது கேண்டீன் அடுப்பு அணைகிறது. வாடகை வீட்டு அப்பா மழையங்கியை மாட்டிக்கொண்டு ஊரார் வீட்டுக்கெல்லாம் சுடச்சுட பிரியாணி கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் வீட்டில் மேகி.

வெள்ளைக்காரன் மட்டும் என்ன செய்தான் என்கிறீர்களா? போர் முடிந்து பஞ்சம் வாட்டிய 1947இல் சமூகநலத் துறை பிள்ளைகளுக்குச் சோற்று நிலையங்கள் திறந்தது. 2 வயது முதல் 6 வயது வரை வரலாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த 7 வயது அக்காவுக்கு வாசலோடு சரி. அன்று வயதுக்கு வரம்பு, இன்று பள்ளித் தவணைக்கு. முன்னேறிவிட்டோம்.

விடுமுறையிலும் சோறு போடுவது முடியாத காரியமா? 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகப் பள்ளியை வீட்டுக்கு அனுப்பியபோது, உதவி பெறும் மாணவர்களின் பள்ளி அட்டையில் சாப்பாட்டுப் பணத்தை ஏற்றினார்களே. கிருமிக்கு உள்ள செல்வாக்கு மழைக்கு இல்லை, அவ்வளவுதான்.

பசியா, சிங்கப்பூரிலா என்று புருவம் தூக்குகிறவர்களுக்கு: சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வில் பத்தில் ஒரு குடும்பம், ஓராண்டில் ஒரு முறையாவது, போதிய உணவுக்குத் திண்டாடியதாகத் தெரிந்தது. 2023இல் நாம் குப்பையில் கொட்டிய உணவு சுமார் 7,55,000 டன். நல்ல உணவு என்று நம்பித் தானம் கொடுப்பவர் வழக்குக்கு அஞ்ச வேண்டாம் என்று சட்டம் போட 2024 ஆகஸ்டு ஆகிவிட்டது. அதுவரை வக்கீலுக்குப் பயந்து கொட்டினோம். இனி எதற்குப் பயந்து கொட்டுவோமோ!

மிச்சப் பாரம் தொண்டூழியர் தலையில். வில்லிங் ஹார்ட்ஸ் சமையற்கூடத்தைத் தொடங்கிய டோனி டேக்கு 2017இல் மகசேசே விருது கிடைத்தது, எல்லாரும் கைதட்டினோம். கைதட்டச் செலவில்லை. தேக்காவில் கோயில் அன்னதானம் உண்டு. ஆனால் ஊட்லண்ட்சில் இருக்கும் பிள்ளை கொட்டும் மழையில் சிராங்கூன் சாலைக்கு ரயிலேறி வந்து பந்தியில் உட்காருமா? எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் வரை நடைபாதைக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிய புளோக்குக்குப் பொட்டலம் சுமக்கிறவர் நனையத்தான் வேண்டும்.

டிசம்பரில்தான் புரவலர்களுக்கும் மனம் இளகும். ஒரே நிறச் சட்டை, ஆளுயரக் காசோலை, புளோக் கீழ்த்தளத்தில் பதாகை. பொட்டலம் வாங்கும் பிள்ளை கேமராவைப் பார்க்க வேண்டும், அதுவும் சிரித்துக்கொண்டே. மழைச்சாரல் லென்சில் பட்டால் மறுபடியும் வாங்க வேண்டும், அதே பொட்டலத்தை. சோறு ஆறட்டும், படம் சூடாக ஏறினால் போதும்.

ஐயா, அட்டை இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இந்த நவம்பரில் பள்ளி மூடும் அன்றே ஏற்றுங்கள். படிவம் வேண்டாம். படமும் வேண்டாம்.