கப்பலேறப் போகிறவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா மகள், சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் எங்களையும் கூட்டிப் போகிறேன் என்கிறாள். அந்தக் கப்பல் திருகோணமலைக்குத்தானே வருகிறது? சொந்த நாட்டுக்கு வர எதற்கு விசா?
– ஓர் இல்லத்தரசி, பசறை

பதில்: திருகோணமலைக்கு வர விசா வேண்டாம் அக்கா, திரும்பச் சென்னைக்குப் போகத்தான் வேண்டும்! கப்பலேறும்போதே ‘இந்தியாவை விட்டுப் போனவர்’ என்று உங்கள் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்துவிடும். ஒரே தடவை நுழைய அனுமதிக்கும் விசா என்றால் அதன் ஆயுள் அந்த இடத்தில் முடிந்தது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பல தடவை நுழையும் விசா கேளுங்கள். அது இல்லாதவரைக் கப்பல் கம்பனி ஏற்றவே ஏற்றாது. இறங்க முடியாத பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு அவர்கள் தலையில்தான் விழும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் கரையைச் சுற்றியது. இந்தப் பாதைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். காசு கட்டுவதற்கு முன் எந்தெந்தத் துறைமுகம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இ-விசா எடுத்தால் எந்தத் துறைமுகங்கள் வழியாக அதில் நுழையலாம் என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள். எல்லாத் துறைமுகத்துக்கும் அது செல்லாது.

கேள்வி: விமான நிலையத்தில் போலவே கப்பலிலும் வரிசை வரிசையாக நிற்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹாலிஎல

பதில்: நிற்க வேண்டும் ஐயா. பெரிய பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை சோதனைக் கருவிக்குள் போய் நேரே உங்கள் அறைக்கு வரும். சில சமயம் மாலையாகிவிடும், ஆகவே மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பிறகு கப்பல் கம்பனியின் மேசை, குடிவரவு அதிகாரியின் மேசை. கடைசியில் உங்கள் படத்தோடு ஓர் அட்டை தருவார்கள். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கருவியில் காட்ட வேண்டும். யார் கப்பலில், யார் கரையில் என்ற கணக்கு அதை வைத்துத்தான்.

சில கப்பல்களில் கடவுச்சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதறாதீர்கள். ரசீது கேளுங்கள். பிரதி ஒன்று உங்கள் பையிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும்.

கேள்வி: கவ்வாத்துக் கத்தி, கற்பூரம், கறிவேப்பிலைக் கன்று. இந்த மூன்றையும் உறவுக்காரர் கேட்டிருக்கிறார்கள். கொண்டு போகலாமா?
– தெமோதர வாசகர்

பதில்: கத்தியைப் பிடுங்குவார்கள். கற்பூரம் தீப்பிடிக்கும். மண்ணோடு இருக்கும் கன்றைத் தாவரத் தடுப்புக் காப்பு அதிகாரிகள் விடமாட்டார்கள். முத்திரை உடைக்காத தேயிலைப் பக்கற்றுகள் கொண்டு போங்கள். கோத்தகிரியிலும் தேயிலை விளைகிறதுதான், ஆனால் நமுனுகுல மலையில் பறித்த கொழுந்தின் சாயத்துக்காக ஏங்கும் பாட்டிமார் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் கூட, பாடசாலைச் சான்றிதழில் ஓர் எழுத்துக் குறைய. எந்தப் பெயரில் நான் கப்பலேறுவது?
– இளைஞர் ஒருவர், ஸ்பிரிங்வெலி

பதில்: தம்பி, நம் தோட்டங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். தாய் தமிழில் சொன்ன பெயரை, தமிழ் தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதினார். அவர் எழுதியதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். பிழை உங்களுடையதோ உங்கள் அம்மாவுடையதோ இல்லை. ஆனால் குடிவரவு மேசையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடியிலிருந்து திருத்தி வாருங்கள். முதலில் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழ், அதன்படி அடையாள அட்டை, அதன்படி கடவுச்சீட்டு. மேலிருந்து தொடங்கினால் மூன்றையும் மறுபடி திருத்த வேண்டி வரும். கடவுச்சீட்டுப் படத்தைக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுங்கள். அவர்களே அதைத் திணைக்களத்துக்கு அனுப்புவார்கள். விண்ணப்பிக்கப் பத்தரமுல்லைக்கோ கண்டிக்கோ நேரில் போகலாம். 2023 முதல் இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை வைக்கும் வழியும் உண்டு. பயணச்சீட்டில் முதலெழுத்துப் போட்டுச் சுருக்காதீர்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. தோட்டத்துக்கே வந்து ஒரே நாளில் முடித்துக் கொடுக்கும் நடமாடும் சேவை அடிக்கடி நடக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பிரதேச சபை உறுப்பினர்களின் வேலை.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் இந்தச் சோதனை எல்லாம் ஏது? தோணியில் ஏறினார்கள், வந்தார்கள், அவ்வளவுதானே?
– நமுனுகுல வாசகர்

பதில்: அவர்களைச் சோதித்த அளவுக்கு இன்று எந்த உல்லாசப் பயணியையும் சோதிப்பதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தபோது, மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். செலவு தோட்டத்தின் கணக்கில் சேரும், பிறகு தொழிலாளியின் கடனாகும். தூத்துக்குடி வழியாக வந்தவர்களுக்குத் தட்டப்பாறை முகாம். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் தொடங்கியபின் மண்டபம் முகாம் பெரிதானது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். உடம்பைப் பார்த்து, அம்மை ஊசி போட்டு, சில நாள் அடைத்து வைத்து, பிறகுதான் கப்பல். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். அதற்கு முன் வந்தவர்கள் கடைசி மலைகளை நடந்தே ஏறினார்கள்.

அதே மண்டபம் இன்னொரு முறையும் நம் கதையில் வருகிறது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இங்கே நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் இருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய பணத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்பது 1964 ஒப்பந்தம் காட்டிய தாராளம்.

பதுளையிலிருந்து போனவர்களுக்குப் பொல்கஹவெல வரை ஒரு கோச்சி, அங்கிருந்து வடக்கே தலைமன்னாருக்கு இன்னொரு கோச்சி. ஏறுகிறவரும் வழியனுப்புகிறவரும் கட்டிப்பிடித்து அழுததில் மலையக மக்கள் அதை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். தலைமன்னாரில் சுங்கச் சோதனை, பிறகு ‘இராமானுஜம்’ கப்பல், அக்கரையில் மறுபடி மண்டபம் முகாம், மறுபடி வரிசை. அண்ணன் விண்ணப்பித்த நாட்டுக்குத் தம்பி விண்ணப்பிக்காததால் பிரிந்த குடும்பங்கள் ஊவாவின் எந்த லயத்திலும் உண்டு. பசறை அக்காவுக்குக் கோத்தகிரியில் ஓர் அக்கா இருப்பது இப்படித்தான்.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 84,000 பேர் இங்கேயே நின்றுபோனார்கள்.

கேள்வி: அந்த 84,000 பேரில் எங்கள் பாட்டியும் ஒருவர். அவருடைய பழைய இந்தியப் பாஸ்போட்டால் எனக்குக் கடவுச்சீட்டு கிடைக்காமல் போகுமா?
– பல்கலைக்கழக மாணவி, லுணுகல

பதில்: போகாது மகளே. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழியில் வந்து இங்கேயே வாழ்கிறவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை தந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் பிரகடனம் செய்து பிரஜையாகலாம் என்றது. பாட்டியோ அப்பாவோ அப்படிப் பெற்ற சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதிகாரி கேட்டால் அதுதான் பதில். பழுதாகிவிடும் என்று பிளாஸ்டிக் ஒட்டாதீர்கள், மூலப் பத்திரத்தைச் சரிபார்க்க முடியாமல் போகும். பாட்டியின் பாஸ்போட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் படம்தான் சில வீடுகளில் பாட்டியின் ஒரே இளவயதுப் படம்.

கேள்வி: கப்பலில் ஏறியதும் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி நிறுத்துவார்களாமே?
– கங்காணி ஒருவர், ஹப்புத்தளை

பதில்: உங்களுக்குப் பழக்கமான, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுதான்! பெயர் கூப்பிடுவார்கள், ஆபத்து வந்தால் எந்தப் படகு, உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று சொல்வார்கள். 2012இல் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 உயிர்கள் போயின. அதன் பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியையே மாற்றினார்கள். தேநீர் எங்கே என்று தேடிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: உல்லாசக் கப்பலுக்கு வசதியில்லை. காங்கேசன்துறை – நாகப்பட்டினம் படகில் போக நினைக்கிறேன். தனியாகப் போகும் பெண். அதிகாரி ‘எதற்குப் போகிறாய்’ என்று அதட்டினால் என்ன சொல்வது?
– கொழுந்து பறிக்கும் வாசகி, ஹாலிஎல

பதில்: அந்தச் சேவை 2023 ஒக்டோபர் 14இல் ‘செரியாபாணி’ கப்பலோடு தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’யோடு மறுபடி ஓடியது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் விடாது. புறப்படும் நாளை உறுதி செய்துகொண்டு பதுளையில் ரயில் ஏறுங்கள், கையில் ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும். விசாவில் பல தடவை, ஒரு தடவை என்ற கவலை உங்களுக்கு இல்லை. போய் வர ஒன்று போதும்.

தோட்டத்துப் பெண் தனியாகப் போனால் வீட்டு வேலைக்குத்தான் போகிறாள் என்று முடிவுகட்டிக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் கொண்டுபோய் ஏமாற்றும் முகவர்கள் இருப்பதால் கேள்வி கேட்பது சரி. அதட்டுவது சரியில்லை. திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்கப் போகும் வீட்டின் விலாசம், அந்த வீட்டாரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘என் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன், இத்தனையாம் திகதி வருவேன்’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. புரியாத தாளில் கையெழுத்துக் கேட்டால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.